யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேளச்சேரியில் ஒரு டீக்கடையில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். அந்த வாரம் போனில் சிக்கியதை ஆளுக்கொன்றாக எடுத்துப் போட வேண்டும். ஒரு ரீல்ஸ், ஒரு பழைய புகைப்படம், யாரோ எழுதிய நீளமான பதிவு, எதுவும் ஓகே. ஒரே ஒரு விதிதான்: "இது உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் காட்ட வேண்டும். அந்த விதி எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் பழைய லண்டனுக்கு ஒரு நடை போய்வரலாம்.

1652இல் பாஸ்குவா ரோசே என்பவர் அந்நகரின் முதல் காபிக் கடையைத் திறந்தார். சீக்கிரமே ஊர் முழுக்கக் காபிக் கடைகள் முளைத்தன. ஒரு பென்னி கொடுத்தால் காபி. கூடவே மேசையில் கிடக்கும் துண்டறிக்கைகளையும், கையால் எழுதிய செய்திமடல்களையும் படிக்கலாம். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் விவாதிப்பார்கள். நம்மூர் டீக்கடையில் தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து நாலு கைகளில் இருக்குமே, அந்த மாதிரி.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு குணம் இருந்தது. எட்வர்ட் லாயிட் கடையில் கப்பல் செய்திகள். இன்றைய லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை அங்கிருந்து வளர்ந்ததுதான். ஜோனதன்ஸ் கடையில் பங்குத் தரகர்கள். 1709இல் 'டாட்லர்' பத்திரிகையைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டீல், செய்திகளைக் காபிக் கடைகளின் பெயரிலேயே பிரித்துப் போட்டார். கவிதை என்றால் வில்ஸ், அறிவு விஷயம் என்றால் கிரேஷியன். இன்று ஹேஷ்டேக் பார்க்கிற வேலை. 1713இல் பட்டன்ஸ் கடையில் சிங்கத் தலை வடிவில் ஒரு தபால் பெட்டி வைத்தார்கள். அதன் வாயில் வாசகர்கள் போட்ட கடிதங்கள் 'கார்டியன்' பத்திரிகைக்குப் போயின.

இந்தப் பேச்சு அரசருக்குப் பிடிக்கவில்லை. இங்கே பொய்ச் செய்திகள் பரவுகின்றன என்று சொல்லி, 1675 டிசம்பர் 29 அன்று இரண்டாம் சார்லஸ் எல்லாக் காபிக் கடைகளையும் மூடச் சொல்லி ஆணையிட்டார். ஜனவரி 10 முதல் அமல். எதிர்ப்பு கிளம்பியதில், அதற்கு இரண்டு நாள் முன்பே ஆணை பின்வாங்கப்பட்டது.

இந்தக் கதையை இங்கேயே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். பேசும் மக்கள் ஜெயித்தார்கள், சுபம். ஆனால் மூன்றே வருஷத்தில், 1678இல், டைட்டஸ் ஓட்ஸ் என்பவர் அரசரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்வதாக ஒரு கதை கட்டினார். விவாதத்துக்குப் பேர்போன அதே நகரம் அதை நம்பியது. நிரபராதிகள் பலர் தூக்கில் தொங்கினார்கள். 1685இல்தான் ஓட்ஸ் பொய்சாட்சி சொன்ன குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். ஆக, நாலு பேர் கூடி உட்கார்ந்தாலே உண்மை வந்துவிடாது. கூட்டமும் நாலு பேர் கூடுவதுதானே.

இப்போது எங்கள் விதிக்கு வருகிறேன். 2018 கோடைக்காலம். பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் இறங்கியிருக்கிறார்கள் என்று ஒரு ஆடியோ வந்தது. பதறும் குரல். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று மூன்று குரூப்புகளுக்கு அனுப்பினேன். அம்மா கேட்டுவிட்டு, "யாருடா பேசுறது இதுல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. சில நாட்களில், மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஒரு கூட்டம் அடித்தே கொன்றது.

நான் அனுப்பியது அந்த ஊர் வரை போயிருக்காது. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அது எங்கெல்லாம் போனது என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் வராது. அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்குத்தான் ஃபார்வர்டு செய்யலாம் என்று வாட்ஸப் வரம்பு வைத்தது. மென்பொருள் எழுதுகிறவனாக அந்தத் தீர்வு எனக்குப் புரிகிறது. வேகத்தைக் குறைக்கும். ஆனால் அம்மா கேட்டதை அது கேட்காது.

அதனால்தான் டீக்கடையில் அந்த ஒரு விதி. போன வாரம் ஒரு நண்பன் சூடான வீடியோ ஒன்றோடு வந்தான். "எங்கேர்ந்துடா?" என்றோம். கொஞ்ச நேரம் போனைத் தடவிப் பார்த்தான். "தெரியலடா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அடுத்த டீ அவன் கணக்கில்.