தண்ணீர்க் கணக்கில் சேரி எங்கே?

ஜூன் மாதம் பிறந்தால் நாளிதழ்களில் ஒரு சிறு கட்டம் தவறாமல் வரும். மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, பாசனத்துக்குத் திறப்பு இத்தனை கன அடி. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை நிரம்பினால் 120 அடி, இருப்பு 93.47 டிஎம்சி. இருப்பையும் வரத்தையும் அளப்பதில் சாதிக்கு வேலை இல்லை, அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான். 'பயன்பாடு' என்ற பத்தியை நிரப்பும்போதுதான் கணக்குக்குள் நிலம் நுழைகிறது. நிலத்தின் பின்னாலேயே சாதியும் நுழைகிறது. இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல.

உத்திரமேரூர்க் கல்வெட்டை 'குடவோலை ஜனநாயகம்' என்று பாடப்புத்தகம் முதல் நாடாளுமன்றம் வரை எல்லோரும் புகழ்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டது. அந்தப் பிராமணச் சதுர்வேதிமங்கலத்தின் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். உறுப்பினர் ஆறு பேர். குடத்தில் பெயர் எழுதிப் போட வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். வேதமும் உரையும் நன்றாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது. கணக்கு விஷயத்தில் அவர்கள் கறாரானவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அது நிலம் உள்ளவர்கள் நிலம் உள்ளவர்களுக்குக் காட்டிய கணக்கு. சுமார் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள் ஊர்தோறும் வரி நீக்கிய இடங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அதே பட்டியலில் வருகின்றன. அதாவது, நாம் வாழ்ந்த இடத்தை அளந்து எழுதத் தெரிந்த அரசுதான் அது.

வாரியம் அவர்களுடையது என்றால் ஏரியைக் கையால் நடத்தியவர் யார்? பிற்காலத்தில் நமக்கு நன்கு தெரியவரும் ஏரிப் பாசன அமைப்பில், வட மாவட்டங்களில் அவரை நீர்க்கட்டி, கம்புக்கட்டி என்றார்கள். தென் மாவட்டங்களில் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன். பெரும்பாலான ஊர்களில் இந்த வேலை தலித்துகளுடையது. மடையைத் திறப்பதும் அடைப்பதும், கடைமடை வரை வயல் வயலாகத் தண்ணீர் கட்டுவதும், அடைமழை இரவில் கரையைச் சுற்றி வருவதும், கலிங்கு வழிவதைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. ஏரியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், எத்தனை நனைப்புக்கு வரும் என்பதை மடைக்கல்லைப் பார்த்தே சொல்லிவிடுவார். இன்று பொறியாளர்கள் இருப்பு, வரத்து, பயன்பாடு என்று போடும் கணக்கு முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. கூலி, அறுவடையில் களத்து நெல்லில் ஒரு பங்கு.

நீர்க்கட்டி ஏன் தலித்தாக இருந்தார் என்பதற்கு ஆய்வாளர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரே விளக்கம் கிடைக்கும். அவருக்கு ஆயக்கட்டில் நிலம் கிடையாது, அதனால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்பார்கள். இந்த வாதத்தை நம்மவர்களே பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கசக்கிறது. நிலத்தைக் கொடுக்காமல் வைத்துவிட்டு, நிலமில்லாததை நேர்மைக்குச் சான்றிதழாக்குவது என்ன நியாயம்?

கம்பெனி ஆட்சியின் கடைசி மாதங்களில், 1858இல், மதராஸ் மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்து என்றால் ஊரின் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுக்கலாம். கூலி உண்டு, மறுத்தால் தண்டனை. உழைக்கும் வகுப்பு என்றால் ஊரில் எந்தத் தெரு என்று விளக்கத் தேவையில்லை. கரைக்குத் தோள் கொடுக்கும் கடமை சட்டத்தில் ஏறியது. அந்தத் தோளுக்குக் கரைக்கு உள்ளே இருக்கும் தண்ணீரில் என்ன உரிமை என்பது ஏறவில்லை.

காவிரிக்கு வருவோம். 1924 ஒப்பந்தம் கிருஷ்ணராஜசாகரால் மைசூருக்கு 1,25,000 ஏக்கர், மேட்டூரால் மதராசுக்கு 3,01,000 ஏக்கர் புதுப் பாசனம் என்று எழுதியது. 2007இல் நடுவர் மன்றம் ஆற்றில் மொத்தம் 740 டிஎம்சி என்று வைத்து, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது 4. மாநிலங்களின் பங்கில் பெரும்பகுதி ஏக்கரை வைத்தே வந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணி இந்த ஆயக்கட்டுக்குள்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மூன்றில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினரான திருவாரூர் மாவட்டமும் இதற்குள்தான். அந்த ஏக்கர்களில் நாற்று நட்டவர்கள் கணக்கில் தனியாக எங்கும் இல்லை.

ஏக்கர் இல்லாதவரைக் கணக்கில் சேர்க்க வழியே இல்லையா? இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 ஆகக் குறைத்து, 14.75 டிஎம்சியைக் கர்நாடகத்துக்குக் கூட்டியது. அதில் 4.75 பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்கு. மீதி 10, தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. தமிழ்நாட்டின் இழப்பு பற்றி நிறையப் பேசிவிட்டோம். நான் கவனிப்பது வேறு. ஒரு நகரம், பட்டா இல்லாமல், தாகத்தைக் காட்டியே கணக்கில் தனி இடம் வாங்கியது.

அப்படியானால் நம் தாகம் எவ்வளவு? ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு, கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 2011இல் தமிழ்நாட்டின் பட்டியல் சாதி மக்கள் 1.44 கோடி. எல்லோருக்கும் இதே அளவு என்று வைத்துப் பெருக்கினால் ஆண்டுக்குச் சுமார் 10 டிஎம்சி. மேட்டூர் ஒரு முறை நிரம்பினால் இருக்கும் தண்ணீரில் ஒன்பதில் ஒரு பங்கு. சேரிக் குழாயில் காற்று வருவதற்குப் பற்றாக்குறையைக் காரணம் காட்டும் அதிகாரிகளிடம் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டலாம்.

1927 மார்ச் 20 அன்று மகாடின் சவதார் குளத்தில் இறங்கி நீர் அருந்திய அம்பேத்கர்தான், பின்னர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் நீர்ப்பாசனத்தையும் கவனித்தார். நாட்டின் ஆறுகளைப் பற்றிய விவரங்களைத் திரட்ட 1945இல் ஒரு மத்திய ஆணையம் அவர் காலத்தில் உருவானது. அதன் வாரிசான மத்திய நீர் ஆணையம்தான் இன்று பிலிகுண்டுலுவில் காவிரியை அளக்கிறது. குளத்தில் கை வைக்கும் உரிமையும் ஆற்றை அளக்கும் அமைப்பும் அவருக்கு ஒரே வேலையின் இரு பக்கங்களாகவே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், இரண்டாவதைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டோம்.

விட்டதன் விலை தெரிகிறது. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000இல் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் இருக்க வேண்டும். பரம்பரையாக மடை திறந்த நீர்க்கட்டிக்கு நிலம் இல்லையென்றால் வாக்கு இல்லை. 2017இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோது வேலைகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் வழியாகவே நடந்தன. கால் வேலி என்பது பட்டாவாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேங்கைவயலில் 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்ட மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு 10,000 லிட்டர். சிபிசிஐடி 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவ்வூர் தலித் மக்கள் அதை ஏற்கவில்லை. டிஎம்சியில் எழுதினால் அந்தத் தொட்டி சுழியத்துக்குப் பின் எத்தனையோ தசம இடம் தள்ளி நிற்கும்.

மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபைக்குப் போகிறவர்கள் ஊருக்கும் காலனிக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேளுங்கள். தொட்டி எத்தனை லிட்டர், ஒரு நாளில் எத்தனை முறை ஏற்றுகிறார்கள், எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் திறக்கிறார்கள், கடைசிக் குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.