கருங்குழியைக் கடந்து போன டிரங்குப் பெட்டி

கருங்குழி என்றதும் பலருக்கு வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊர்தான் ஞாபகம் வரும். அது வடலூர் பக்கத்துக் கருங்குழி. நான் சொல்ல வருவது செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிற கருங்குழி. கர்நாடகப் போர்க் காலத்தில் கோட்டை இருந்த ஊர். ரயிலில் தெற்கே போகிறவர்கள் பாலாற்றைத் தாண்டி, படாளமும் போனபிறகு ஒரு சின்ன ஸ்டேஷனாக இதைப் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் தூங்கிக்கொண்டே தாண்டியிருப்போம்.

1952 ஆகஸ்ட் 28 இரவு, எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய போட் மெயில் இதே வழியாகத்தான் போனது. அதில் ஒரு சீட்டுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. மறுநாள் மானாமதுரை வருவதற்குள் நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் சொல்ல, போலீஸார் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தலை இல்லாத ஆண் உடல்.

ஆளவந்தார் கொலை வழக்கு என்றால் பழைய சென்னைக்காரர்களுக்குத் தெரியும். ஆளவந்தார் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். சைனா பஜாரில் ஜெம் அண்ட் கோ பேனாக் கடையின் ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும். இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அந்த மூவருக்கும் நடுவே நடந்ததைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. இரண்டு ஊர்களில் கிடைத்த இரண்டு துண்டுகளை ஒரே ஆளாக்கி, அந்த ஆளுக்குப் பெயர் கொடுத்த வேலை எப்படி நடந்தது என்பதுதான் என் கேள்வி.

மானாமதுரையில் நடந்த முதல் பரிசோதனையில் இறந்தவருக்கு வயது சுமார் 25 என்று கணிக்கப்பட்டது. இதற்கிடையே ராயபுரம் கடற்கரை மணலில் ஒரு தலை கிடைத்தது. அது மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. பிறகு உடலும் அங்கே கொண்டுவரப்பட்டது. அங்கே சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் சி.பி. கோபாலகிருஷ்ணன். தலையும் உடலும் ஒரே ஆளுடையவை, வயது 40-ஐத் தாண்டியது என்பது அவர் முடிவு. ஆளவந்தாருக்கு வயது 42. தலையை அவர் மனைவி அடையாளம் காட்டினார். ராணுவத்தில் பதிவாகியிருந்த கைரேகையும் ஒத்துப்போனது.

25 எங்கே, 42 எங்கே? முதலில் பார்த்த டாக்டரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நம் கை கால் எலும்புகளின் முனைகள் வளரும் வயதில் தனித்தனியாக இருந்து, ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வரும். கிட்டத்தட்ட 25 வயதுக்குள் எல்லாம் ஒட்டி முடிந்துவிடும். அதுவரை எக்ஸ்ரே பார்த்து ஓரளவு நெருக்கமாக வயது சொல்லலாம். அதற்கு மேல் போனால் பல் தேய்மானம், மண்டையோட்டின் தையல் கோடுகள் மூடியிருக்கும் அளவு, இடுப்பெலும்பு முன்னால் சேரும் இடத்தின் தேய்வு என்று தேடித்தேடித்தான் பார்க்கணும். இதில் பல்லும் மண்டையோடும் தலையோடு போய்விட்டன. மிச்சம் இருந்ததோ ஆகஸ்ட் வெயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் பெட்டிக்குள் கிடந்து அழுக ஆரம்பித்த உடல்.

தலையையும் உடலையும் பொருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கழுத்தில் 7 எலும்புகள். தலையோடு எத்தனை இருக்கிறது, உடலோடு எத்தனை இருக்கிறது, கூட்டினால் கணக்கு சரியாக வருகிறதா? வெட்டுப்பட்ட எலும்பின் இரண்டு முகங்களும் பொருந்துகின்றனவா? தோல், தசை, மூச்சுக்குழாய் வெட்டின் மட்டம் ஒன்றா? இப்போது டி.என்.ஏ. சோதனை ஒன்று போதும். அப்போது அப்படி ஒரு பேச்சே கிடையாது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் உலகத்துக்குத் தெரியவந்ததே 1953 ஏப்ரலில்தான். ஆளவந்தார் வழக்கின் விசாரணை அப்போது சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

1953 ஆகஸ்டில் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யர் தீர்ப்புச் சொன்னார். மேனனுக்கு 7 ஆண்டு, தேவகிக்கு 3 ஆண்டு. தண்டனை போதுமா என்று அப்போதே வாதம் நடந்தது, அது வேறு கதை. செத்தது யார் என்பதே நிரூபணம் ஆகாமல் போயிருந்தால் வழக்கின் கதி என்ன ஆகியிருக்கும்?

சென்னையின் பழைய கணக்கு

இந்தத் துறைக்கும் சென்னைக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. இந்தியாவில் பதிவாகியிருக்கும் முதல் சட்டப்பூர்வ உடற்கூறாய்வு 1693-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் நடந்ததாகச் சொல்வார்கள். இறந்தவர் கம்பெனியின் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர். அவருக்கு மருந்து கொடுத்தவர் கோட்டை டாக்டர் சாமுவேல் பிரவுன். ஆர்சனிக் அரைத்த உரலைக் கழுவாமல் அதிலேயே மருந்தையும் அரைத்துவிட்டார்கள். உடலை அறுத்துப் பார்த்தவர் எட்வர்ட் பல்க்லி. பிரவுன் மேல் வழக்கு வந்து, கடைசியில் விடுவிக்கப்பட்டார். முதல் வழக்கிலேயே ஒரு டாக்டரின் தவறை இன்னொரு டாக்டர்தான் அறுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

விஷத்தைக் கண்டுபிடிக்க நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் மெட்ராஸில் வந்தது. 1857-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சட்ட மருத்துவத்துக்கென்று தனிப் பேராசிரியர் பதவி உருவானது. கோபாலகிருஷ்ணன் உட்கார்ந்த நாற்காலிக்கு அப்போதே ஏறக்குறைய நூறு வயது.

இந்தப் பக்கம் யார் வருகிறார்கள்?

எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைகளிடம் "மேலே என்ன எடுக்கப் போற?" என்று கேட்டுப் பாருங்கள். ஜெனரல் மெடிசின், ரேடியாலஜி, ஆர்த்தோ என்று பதில் வரும். ஃபாரன்சிக் என்று சொன்னால் வீட்டில் அம்மா அழுவாங்க. "பொணம் அறுக்கவா உன்னை டாக்டருக்குப் படிக்க வெச்சோம்?" தனியாக கிளினிக் வைக்க முடியாது, சாயங்காலப் பிராக்டிஸ் கிடையாது, கோர்ட்டுக்கு அலையணும். இந்தக் காரணங்களில் பொய் ஒன்றும் இல்லை.

பாதை என்னவோ நேர்தான். நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், பிறகு நீட் பி.ஜி. எழுதி மூன்று வருஷம் எம்.டி. அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே முதலில் நோய்க்குறியியல் படித்துவிட்டு அதற்கு மேல் ஒரு வருஷம் தடயவியல் பயிற்சி எடுப்பார்கள். இங்கே சட்ட மருத்துவமும் நோய்க்குறியியலும் தனித்தனித் துறைகள். உடலைத் திறப்பது ஒரு துறை. சந்தேகமான திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது இன்னொரு துறை. இரைப்பை, கல்லீரல், சிறுநீரகப் பகுதிகளை உப்புக் கரைசலில் போட்டு அனுப்பினால் விஷம் தேடுவது தடய அறிவியல் ஆய்வகம். மூன்று முடிவுகளும் கைக்கு வந்த பிறகுதான் சாவுக்கான காரணத்தை டாக்டர் இறுதியாக எழுத முடியும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்தவற்றை வைத்து அது பெல்ட்டாகக் கட்டிய மனித வெடிகுண்டு என்று நிறுவியவர்களில் முக்கியமானவர் பி. சந்திரசேகரன். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநர். அவர் மருத்துவர் இல்லை, விஞ்ஞானி. துணி, வெடிமருந்து, தோட்டா, ரத்தக் கறை எல்லாம் தடய அறிவியல். உடலும் காயமும் சட்ட மருத்துவம். சினிமாவில் இரண்டையும் ஒரே ஆள் செய்வார். நிஜத்தில் படிப்பே வேறு.

எம்.டி. படித்தவர் இருக்கும் இடம் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகள்தான். செங்கல்பட்டில் 1965-லிருந்து மருத்துவக் கல்லூரி இருப்பது இந்தச் சுற்றுவட்டாரத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். கல்லூரி இல்லாத ஊர் அரசு மருத்துவமனையில் டூட்டியில் இருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டரே பிரேதப் பரிசோதனையும் செய்யலாம், சட்டம் அனுமதிக்கிறது. காலையில் புறநோயாளிகள், நடுவில் பிரசவம், மதியம் மார்ச்சுவரி. அவர் படிப்பில் இந்தப் பாடமும் ஒன்றாக இருந்தது என்பதோடு சரி. 1952-இல் மானாமதுரையில் இருந்த நிலைமை முழுசாகப் போய்விடவில்லை.

உயிரோடிருப்பவர்களுக்கும்

இது பிணத்தோடு முடிகிற வேலை என்று நினைத்தால் தப்பு. அடிதடியில் வந்தவரின் காயத்தை ஏ.ஆர். காப்பியில் சாதாரணக் காயம், கொடுங்காயம் என்று பிரித்து எழுதுவது, பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிப்பது, பையனுக்கு 18 ஆகிவிட்டதா என்று சொல்வது எல்லாமே இந்தப் பாடம்தான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு, ஒரு நாள் இடைவெளிக்குள் இறந்தார்கள். சிறைக்கு அனுப்பும் முன் அவர்களுக்கு 'தகுதி' என்று மருத்துவச் சான்று தரப்பட்டிருந்தது. பிறகு திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்த பிரேதப் பரிசோதனையின் அறிக்கையில் காயங்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கொலை வழக்குப் பதிய முகாந்திரம் இருக்கிறது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதற்கு அந்த அறிக்கையும் ஓர் ஆதாரம். அதே வருஷம் டிசம்பரில் அதே மதுரைக் கிளை, காவல் மரணங்களில் சட்ட மருத்துவம் மேற்படிப்புப் படித்த இரண்டு டாக்டர்களாவது பரிசோதனை செய்யணும், வீடியோ எடுக்கணும் என்று உத்தரவு போட்டது.

உத்தரவு சரிதான். அந்த இரண்டு டாக்டர்கள் வேண்டுமென்றால், ஏதோ ஒரு கல்லூரியில் இரண்டு மாணவர்கள் ரேடியாலஜி கிடைக்காத கடுப்பில் வராமல் விரும்பி இந்தத் துறைக்கு வந்திருக்க வேண்டும்.

ஆகவே, இதைப் படிக்கும் மருத்துவ மாணவர் யாராவது இருந்தால் ஒன்று சொல்வேன். பாடவேளைக்குக் காட்டுகிற பிரேதப் பரிசோதனையோடு நிற்காமல், பேராசிரியரிடம் அனுமதி கேட்டு இன்னும் நாலைந்து பாருங்கள். அவர் கூண்டேறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லும் ஒரு நாள் கோர்ட்டுக்கும் கூடவே போய் வாருங்கள். அறிக்கையில் "இருக்கலாம்" என்று எழுதியதற்கும் "இருந்தது" என்று எழுதியதற்கும் ஒருவருடைய விடுதலையோ தண்டனையோ எப்படித் தொங்குகிறது என்று அங்கே தெரியும். அதன் பிறகும் பிடித்திருந்தால் வீட்டில் பேசிக்கொள்ளலாம்.