சதுரங்கத்தில் முதனூலும் வழிநூலும்

சதுரங்கத் தொடக்கங்கள் மனனஞ் செய்து ஒப்புவிக்கப்படும் வாய்பாடுகளே என்பதும், அவற்றைப் பின்பற்றுவோன் புதிதாக எதனையும் ஆக்குவதில்லை என்பதும் பலர் கொண்டுள்ள கருத்தாகும். அக்காலத்து உலக வீரர் விசுவநாதன் ஆனந்த், 2013 சனவரி 15இல் நெதர்லாந்தின் வெய்க் ஆன் சே சுற்றுப்போட்டியில் ஆர்மீனியரான லெவோன் அரோனியனை வென்ற ஆட்டம் இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

அவ்வாட்டத்தில் கறுப்புக் காய்களைக் கொண்ட ஆனந்த் கையாண்டது மெரான் முறையாகும். 1924இல் இத்தாலியின் மெரானோ நகரிற் குரூன்பெல்ட்டுக்கு எதிராக அக்கிபா ரூபின்ஸ்ரைன் ஆடியமையால் அது அப்பெயர் பெற்றது. கறுப்பு நடுக்காலாளால் வெள்ளையின் காலாளை வெட்டி, அதனை மீள வெட்டும் மந்திரியை மற்றொரு காலாளால் விரட்டுவதே அதன் அடிப்படை. இதனால், தன் காலாள்களுக்குப் பின்னே அடைபட்டுக் கிடந்த கறுப்பு மந்திரிக்கு நெடிய மூலைவிட்டம் கிட்டுகின்றது.

அம்மூலைவிட்டத்தின் வலிமையை ரூபின்ஸ்ரைன் முன்னரே உணர்த்தியிருந்தார். 1907இல் லோட்ஸ் நகரில் ரொட்லெவிக்கு எதிராக அவர் தம் அரசியையே பலியிட்டு, மந்திரிகள் இரண்டையும் பகையரசன்மீது ஏவி, 25 நகர்வுகளில் வென்றார். ஆனந்தும் 15ஆம் நகர்வில் ஒரு மந்திரியையும் 16ஆம் நகர்வில் ஒரு குதிரையையும் வெள்ளைக் காலாள்கள் வெட்டக்கூடிய கட்டங்களில் வைத்தார். பின்னர் ஒரு கோட்டையையும் இழந்தார். எனினும், மந்திரிகளின் தாக்குதலைத் தாங்கவியலாது 23ஆம் நகர்வில் அரோனியன் தோல்வியை ஏற்றார். 1907ஆம் ஆண்டின் ஆட்டத்தை ஆனந்தே பின்னர் நினைவுகூர்ந்தார்.

இதனைப் போலச்செய்தல் என்று தள்ளுதல் பொருந்துமா? முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துநின்று, தான் வேண்டும் வேறுபாடுகளையும் கூறுவதே வழிநூல் என்பது நன்னூலார் கொள்கை. அந்நன்னூலுக்கு நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) காண்டிகையுரை கண்டார். உரைமரபிற் பயின்ற யாழ்ப்பாணத்தார்க்கு, முன்னோர் வழிநின்றும் புதுமை காணலாம் என்பது புதிய செய்தியன்று.

ரூபின்ஸ்ரைன் ஆட்டத்தை அறிந்தோர் எண்ணிறந்தோர்; அதன் கருத்தை வேறு காய்நிலையில் இனங்கண்டு, மந்திரியையும் குதிரையையும் பணயம் வைத்தவர் ஆனந்த். மனனம் முன்னோர் நின்ற இடம்வரையே கொண்டுசெல்லும். அதற்கப்பாற் செல்வது ஆடுவோன் துணிபேயாகும். கல்விக்கும் இஃது ஒக்கும்.