திங்களூர்த் திருமனை

துறவறம் ஒன்றே வீடுபேற்றிற்கு வாயிலென்றும், மனைவி மக்களொடு கூடிய வாழ்க்கை அதற்கு இடையூறென்றும் கருதுவார் உளர். திருத்தொண்டர் அறுபத்துமூவருள் இல்லறத்திருந்தே சிவனடி சேர்ந்தார் பலராதலை நோக்கின், அக்கருத்துப் பொருந்தாமை இனிது விளங்கும். அவருள்ளும் அப்பூதியடிகள் வரலாறு, மனையில் நாடோறும் நிகழும் சிறு தொழில்களே வழிபாடாயின வகையைத் தெளிவுறக் காட்டுவதாகும்.

அடிகளது ஊர் சோழநாட்டில் திருப்பழனத்திற்கு அணித்தாயுள்ள திங்களூர். அவர் காலம் திருநாவுக்கரசு நாயனார் வாழ்ந்த 7ஆம் நூற்றாண்டு. அடியார் பலருடைய வரலாறுகளைப் பிற்காலத்து நூல்களைக் கொண்டே அறிதல் வேண்டும். அப்பூதியடிகட்கோ நாவரசர் திருவாக்கே சான்றாகின்றது. திருப்பழனத் திருப்பதிகம் ஒன்றில், வேள்வித்தீயை ஓம்பும் அந்தணராக அவரை நாவரசர் பெயர் சுட்டிப் பாராட்டியுள்ளார். பின்னர்ச் சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அவரை வணங்கினார். நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியில் அவர் பெருமையைக் கூறினார். அவற்றை முதலாகக் கொண்டு, இரண்டாங் குலோத்துங்கசோழன் காலத்தில் (1133–1150) சேக்கிழார் சுவாமிகள் விரித்தருளினார்.

அப்பூதியார் நாவரசரைக் கண்ணாற் கண்டவரல்லர். அவரது அடிமைத் திறத்தையும், இறைவன் அவருக்கருளிய வகையையும் செவியாற் கேட்டதே உண்டு. அக்கேள்வியே அன்பாய் முதிர்ந்தது. மூத்த மகற்கும் இளைய மகற்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். ஆவும் எருமையும் அப்பெயர் பெற்றன. முகக்கும் அளவைகளும் நிறைகோலும் அப்பெயரே பெற்றன. மடங்களும் வழிச்செல்வார்க்கு அமைத்த தண்ணீர்ப் பந்தரும் அப்பெயரான் விளங்கின.

அளவைக்கும் நிறைகோலுக்கும் பெயரிடுதல் புலவர் புனைந்துரையோ என ஐயுறுவார்க்குக் கல்வெட்டுக்கள் விடை தருகின்றன. முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், பொன் நிறுக்கும் கல்லும் பொருள் அளக்கும் மரக்காலும் 'ஆடவல்லான்' என இறைவன் பெயரால் வழங்குகின்றன. அடிகள் காலத்திற்கு அவை பிற்பட்டனவேயாயினும், அத்தகைய வழக்கு நாட்டில் மெய்யாகவே நிலவிற்றென்பதற்குச் சான்றாவன.

இப்பெயரீட்டின் பயன் யாது? காலையில் தாய் மகனைத் துயிலெழுப்பும்போது அத்திருப்பெயர் அவள் நாவில் வரும். உலைக்கு அரிசி அளக்கும்போதும், கன்றைக் கட்டவிழ்த்துப் பாற்பசுவை அழைக்கும்போதும் அதுவே வரும். வழிபாட்டிற்கென வேறு பொழுது ஒதுக்க இயலாத மனையாட்டிக்கும் நாள்முழுதும் வழிபாடாயிற்று. இல்வாழ்க்கையின் ஓசை முழுவதையும் திருப்பெயராக்கிய அருமை இதுவேயாம்.

ஒருநாள் நாவரசர் அவ்வழியே வந்து, பந்தரிற் பொறித்த தம் பெயரைக் கண்டு வியந்து, அடிகளது மனையை வினவிச் சென்றார். நும்பெயர் எழுதாது வேறொரு பெயர் எழுதியது என்னை என வினவினார். வந்தவர் இன்னாரென்றறியாத அடிகள் அவ்வினாவிற்கு வெகுண்டார். பின்னர், சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட எளியேன் யானே என நாவரசர் கூற, அடிகள் குடும்பத்தோடு அவர் திருவடியில் வீழ்ந்தார். அமுது சமைக்கப்பட்டது. வாழைக்குருத்து அரிந்துவரச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டியது. அவன் நஞ்சு தலைக்கேறுமுன் ஓடிவந்து, குருத்தைத் தாய் கையிற் கொடுத்து வீழ்ந்து உயிர்நீத்தான். பெற்றோர் உடலை மறைத்துவைத்து, அடியாரை அமுதுசெய்ய அழைத்தனர்.

இஃது என்ன வன்மனம் எனக் கேட்பார் உண்டு. அன்பின்மையால் நிகழ்ந்ததாயின் அவ்வினா தகும். இறந்த மகனும் திருநாவுக்கரசு. இலைமுன் அமரவேண்டியவரும் திருநாவுக்கரசர். மகனிடத்து வைத்த அன்பும் அடியாரிடத்து வைத்த அன்பும் அம்மனையில் இருவேறு அன்புகளாக ஒருநாளும் இருந்தில. பலகாலும் பயின்ற சிறு பழக்கமே, பேரிடர் வந்துற்ற அப்பொழுது நிலைகுலையாமைக்குத் துணையாயிற்று. அன்று புதிதாக ஓர் உறுதி தேட வேண்டியிருந்ததில்லை.

மறைத்தது வெளிப்பட்டதும் மனைவழக்கமொன்றாலேயாம். அமுதுக்குமுன் நாவரசர் அனைவர்க்கும் திருநீறு அளித்தார். மூத்த மகனையும் அழைக்க என்றார். திருவதிகையில் தமக்கையார் திலகவதியார் கையால் நீறு பெற்று உய்ந்தவர், ஈண்டுப் பிறர் மக்கட்கு அதனை அளிக்கின்றார். அவன் இப்பொழுது பயன்படான் என்றார் தந்தையார். அது பொய்யுமன்று, முழுதும் உரைத்ததுமன்று. நாவரசர் திருவுள்ளம் அம்மொழியைக் கொள்ளாது மேலும் வினவ, நிகழ்ந்தது வெளியாயிற்று. உடலைத் திருக்கோயில் முன்னர்க் கொணர்வித்துத் திருப்பதிகம் பாடினார். மகன் உறங்கி விழித்தாற்போல் எழுந்தான்.

அப்பொழுதும் பெற்றோர், மகன் பிழைத்தானென்று களித்தாரல்லர். அடியார் அமுதுசெய்தற்குத் தடை நேர்ந்ததே என வருந்தினர் என்பர் சேக்கிழார். அவ்வருத்தமறிந்த நாவரசர் மீண்டும் மனைக்கு வந்து, அடிகளோடும் மக்களோடும் இருந்து அமுதுசெய்தருளினார். வரலாற்றின் சிகரம் மகன் எழுந்ததேயெனப் பலரும் கொள்வர். அதற்குப்பின் இலையிட்டு உண்ட அவ்வுணவே அதன் நிறைவாகும். அற்புதம் ஒருமுறை நிகழ்வது. அடுப்பெரிதல் நாடோறும் நிகழ்வது.

நாவரசர் குருபூசை சித்திரைச் சதயம். அப்பூதியடிகள் குருபூசை தைச் சதயம். காணாமலே பூண்ட அன்பு நாண்மீனிலும் ஒன்றியது. மகனைப் பெயர்சொல்லி அழைக்கும் குரலும், அரிசி அளக்கும் கையும், விருந்திற்கு இடும் இலையும் சிவத்தொண்டாகும் என்பதற்குத் திங்களூர்த் திருமனை என்றும் சான்றாய் நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.