நீராவியும் நிழற்படமும்

இருப்புப்பாதையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளையும், சர்க்கார் உத்தரவுகளையும், எஞ்சின்களைச் செய்துகொடுத்த தொழிற்சாலைகளின் பதிவேடுகளையுமே பெரும்பாலும் பிரமாணமாகக் கொள்வது வழக்கம். ஓர் எஞ்சின் எந்த ஆண்டில் உருவாயிற்று, என்ன விலைக்கு வாங்கப்பட்டது, எத்தனை டன் பாரத்தை இழுத்தது, எப்போது உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது என்பனவெல்லாம் அவற்றில் கிடைக்கும். ஆனால் மார்கழி மாதத்து விடியற்காலையில் அது ஏற்றத்தில் எவ்வாறு திணறிற்று, அதன் நெருப்பறைக்கு எதிரே நின்று உழைத்த மனிதர் எத்தகைய முகமுடையவர், பாதையோரத்து ஊரார் அதை எவ்வாறு நோக்கினர் என்பவற்றை அவற்றிலே தேடினால் காணமாட்டோம். இவற்றையெல்லாம் நமக்குச் சேமித்து வைத்தவர்கள், ஊதியமோ ஒருவருடைய உத்தரவோ இன்றித் தம் சொந்தச் செலவில் காமிராவைச் சுமந்துகொண்டு தண்டவாளங்களைப் பின்தொடர்ந்து சென்ற ரயில் அபிமானிகளே. அவர்களுடைய முயற்சியைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடுவோர் உண்டு. அது சரித்திரம் எழுதுவதன் ஒரு வகை என்பதும், யந்திரத்தோடு அதைச் சூழ்ந்த மனிதரையும் நேசித்தவர்களிடமே அது சிறந்து விளங்கிற்று என்பதும் என்னுடைய துணிபு.

எஞ்சினைப் படம் பிடிப்பது எளிய காரியமன்று. அதன் உடல் முழுவதும் கறுப்பு. அதிலிருந்து எழும் நீராவியோ தூய வெண்மை. இவ்விரண்டையும் ஒரே பிலிமில் விவரம் குன்றாமல் பதிவு செய்வதற்கு ஒளியின் அளவைப் பற்றிய நுண்ணறிவு வேண்டும். கோடை நண்பகலில் நீராவி புகைபோக்கியை விட்டதுமே காற்றில் கரைந்து மறைந்துவிடும். குளிரும் ஈரமும் மிகுந்த காலைப்பொழுதிலேதான் அது பந்து பந்தாகத் திரண்டு நிற்கும். கரும்புகை வேண்டுமென்று ஆசைப்படுவோர் உண்டு. ஆனால் நல்ல ஃபயர்மேனுக்குக் கரும்புகை என்பது கரி வீணாவதன் அடையாளமாதலால், அவர் அதைத் தமக்குப் பெருமையாகக் கருதமாட்டார். சக்கரங்களை இணைக்கும் தண்டு தன் சுழற்சியில் கீழ்நிலைக்கு வரும் அந்த ஒரு க்ஷணத்திலேயே காமிராவைத் தட்டவேண்டும் என்று வரையறை செய்துகொண்ட ஆங்கிலேய ரசிகர்களும் இருந்தனர். ஏற்றம் எங்கே தொடங்குகிறது, டிரைவர் எவ்விடத்தில் ரெகுலேட்டரை அகலத் திறப்பார், எத்திசைக் காற்றில் புகை பெட்டிகளின்மேல் படியாமல் விலகும் என்பவற்றை அறிந்தவரே நிற்கவேண்டிய இடத்தில் நிற்பார்.

இவ்வறிவை டிரைவர்களின் நட்பினாலேயே பெற்றவர் எரிக் ட்ரேஸி என்னும் ஆங்கிலப் பாதிரியார். லிவர்ப்பூலில் எட்ஜ் ஹில் பகுதியில் சமயப்பணி செய்தபோது, அங்கிருந்த எஞ்சின் ஷெட்டின் தொழிலாளர்களோடு அவர் நெருங்கிப் பழகினார். அவர்கள் தம்முடைய வேலையின் நுட்பங்களை அவருக்குக் கற்பித்தனர். பிற்காலத்தில் அவர் வேக்ஃபீல்டின் பிஷப்பாக உயர்ந்தபோதும் அந்த நட்பு குறையவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கடைசியாகக் கட்டப்பட்ட நீராவி எஞ்சினாகிய ‘ஈவினிங் ஸ்டார்’ வருவதை எதிர்நோக்கி, 1978 மே 13 அன்று ஆப்பில்பி நிலையத்தில் காத்திருந்த வேளையில் அவர் உயிர் பிரிந்தது. அவர் எடுத்த படங்கள் யார்க் நகரத்துத் தேசிய ரயில்வே மியூசியத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன.

ஆயினும் இக்கலையின் உச்சியைத் தொட்டவர் யார் என்று என்னைக் கேட்டால், அமெரிக்கராகிய ஓ. வின்ஸ்டன் லிங்க் என்றே சொல்வேன். 1914-இல் புரூக்ளினில் பிறந்து, சிவில் எஞ்சினீயரிங் படித்து, விளம்பரப் படங்கள் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த அவர், 1955 ஜனவரியில் ஒரு விளம்பர வேலையாக வர்ஜீனியா மாநிலத்துக்குச் சென்றார். அங்கே நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் கம்பெனியின் பாதையில் நீராவி எஞ்சின்கள் இன்னும் முழுவீச்சில் ஓடிக்கொண்டிருந்தன. அக்கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி நிலக்கரியை ஏற்றிச் செல்வதிலிருந்தே வந்ததாதலாலும், ரோனோக் நகரத்திலிருந்த சொந்தப் பணிமனையிலேயே மிகச் சிறந்த எஞ்சின்களை அது செய்துகொண்டிருந்ததாலும், மற்றப் பெரிய கம்பெனிகள் டீசலுக்கு மாறிய பின்னும் அது நீராவியை விடாமல் பற்றி நின்றது. அந்தப் பிடியும் தளரப்போகிறது என்பதை உணர்ந்த லிங்க், கம்பெனியின் அனுமதியைப் பெற்று, 1960-இல் கடைசி எஞ்சின் அணைக்கப்படும் வரையில் மீண்டும் மீண்டும் அங்கே சென்று, ஏறக்குறைய 2,400 நெகடிவ்களை எடுத்து முடித்தார்.

அவற்றுள் பெரும்பாலானவை இரவுப் படங்கள். சூரியனையும் தண்டவாளத்தையும் நம் விருப்பம்போல் இடம் மாற்ற இயலாது. இருட்டிலோ எப்பொருளின்மேல் எவ்வளவு வெளிச்சம் விழவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பது அவருடைய வாதம். இதற்காக அவர் மரங்களிலும் கூரைகளிலும் கம்பங்களிலும் ஃபிளாஷ் பல்புகளைப் பொருத்தி, நீண்ட கம்பிகளால் அவற்றை ஒரே மின்சுற்றில் இணைத்து, பல காமிராக்களை ஏககாலத்தில் இயங்கச் செய்யும் ஏற்பாட்டைத் தாமே வகுத்தார். ஒரு பல்பு ஒரு முறைதான் எரியும். வண்டியும் ஒரு முறைதான் கடந்து செல்லும். பகல் முழுவதும் உதவியாளர் ஒருவருடன் கம்பி இழுத்து, வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் நடந்து, இரவில் சிக்னல் இறங்குவதை நோக்கி நின்ற அவ்வுழைப்பு முழுவதன் பயனும் ஒரு விநாடியின் சிறு பகுதியில் கிடைக்க வேண்டும், அல்லது கிடைக்காமலே போகவேண்டும்.

மேற்கு வர்ஜீனியாவில் ஐகர் என்னும் ஊரில் 1956 ஆகஸ்டில் அவர் எடுத்த படம் உலகப் பிரசித்தி பெற்றது. திறந்தவெளிச் சினிமாக் கொட்டகை. வரிசையாக நிற்கும் மோட்டார் கார்கள். முன்னால் மேல்மூடியற்ற காரில் நெருங்கி அமர்ந்திருக்கும் இளம் ஜோடி. திரையில் ஓர் ஆகாய விமானம். அதற்கு அப்பால் மேட்டுப் பாதையில் வெண்புகையை வாரி இறைத்துக்கொண்டு விரையும் சரக்கு வண்டி. காருக்குள் இருப்பவர்களில் ஒருவரும் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தினந்தோறும் கடந்து செல்வதை யார் திரும்பிப் பார்ப்பர்? இன்னும் நான்கு ஆண்டுகளில் அது மறையப்போகிறது என்பதை அறிந்த நமக்கு அந்தக் கவனமின்மை மிகவும் உருக்கமாகத் தோன்றுகிறது. நாற்பதுக்கு மேற்பட்ட பல்புகள் ஒருங்கே எரிந்த வெளிச்சத்தில் திரையிலிருந்த காட்சி அழிந்துவிட்டமையால், விமானத்தின் உருவத்தை லிங்க் பிற்பாடு இருட்டறையில் சேர்த்தார். இதைக் குற்றமாகக் கூறுவோருடன் நான் உடன்படேன். எஞ்சினும் இடமும் இரவும் மெய்யே. ஆயினும் இந்தச் சேர்க்கையை அறிந்துகொண்டு அப்படத்தை நோக்குவதே முறை. சரித்திரத்துக்குச் சான்றாக நிற்கும் படத்தில் எது அகப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்ற விவரம் அதனோடு ஒட்டி வரவேண்டும்.

லிங்க்கின் படங்களில் எஞ்சின் தனித்து நிற்பது அரிது. ஷெட்டில் அதைக் குழாய்நீர் பாய்ச்சிக் கழுவுவோர், ஜன்னலுக்கு வெளியே வண்டி செல்கையில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார், ஓடையில் நீராடும் சிறுவர்கள், கிரீன் கோவ் என்னும் மலைநிலையத்தில் வண்டியின் எதிரே தலைதாழ்த்தி நிற்கும் கிழட்டு வெண்குதிரை என்று ஒரு சமுதாயமே அங்கே தோன்றுகிறது. கண்ணுக்குப் புலனாவது மட்டும் போதாதென்று கருதி, எஞ்சின்களின் ஓசையையும் பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். ரோனோக்கின் பழைய ரயில் நிலையத்திலேயே, அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2004-இல் அவர் பெயரால் ஒரு மியூசியம் திறக்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரிட்டனில் 1968 ஆகஸ்டில் நீராவிப் போக்குவரத்து முடிவுற்ற பின், அந்நாட்டு அபிமானிகள் பலர் இந்தியாவை நோக்கி வரலாயினர். நட்சத்திரம் பொறித்த குமிழ்மூக்குடைய டபிள்யூ.பி. வகை எஞ்சின்களும், சரக்கு வண்டிகளை இழுத்த டபிள்யூ.ஜி. வகையும், நம் தென்னாட்டு மீட்டர்கேஜ் பாதைகளில் ஓடிய ஒய்.பி. வகையும் அன்று நமக்கு நித்தியக் காட்சிகளாதலால், அவற்றைப் படமெடுப்பது நம்மவருக்குத் தோன்றாததில் வியப்பில்லை. அகலப்பாதையில் 1995 டிசம்பரில் ஜலந்தருக்கும் ஃபெரோஸ்பூருக்கும் இடையே கடைசி நீராவி வண்டி ஓடி ஓய்ந்த பிறகே நமக்கும் அந்த ஆசை பரவலாக உண்டாயிற்று. அப்போது எஞ்சியிருந்தவற்றுள் தலையாயது நீலகிரி மலை ரயில்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், அங்கிருந்து உதகை வரை 1908-இலுமாக முழுமை பெற்ற இப்பாதை, 46 கிலோமீட்டர் தொலைவுக்குள் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. கல்லாரைக் கடந்ததும் தண்டவாளங்களின் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் தொடங்குகின்றன; எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு, 12 அடிக்கு 1 அடி என்ற செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல் வண்டியை உந்துகிறது. சுவிட்ஸர்லாந்தில் விண்டர்தூர் நகரத்தில் செய்யப்பட்ட எக்ஸ் வகை எஞ்சினின் பக்கத்தில் நின்று பார்ப்பவர், சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கில் அமைந்திருப்பதைக் காண்பர். கீழடுக்கு சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது. அங்கே வேலை செய்து முடித்த நீராவியை வீணாக்காமல் மேலடுக்குக்கு அனுப்ப, அது பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. மலைப்பகுதியில் இரண்டு அடுக்குத் தண்டுகளும் ஒருங்கே இயங்குவதைப் படத்தில் காட்டுவதே இவ்வெஞ்சினின் மெய்யான உருவத்தைக் காட்டுவதாகும். வளைவில் எட்டி நின்று எடுக்கப்பட்ட அழகிய படங்களில் பெரும்பாலும் இது கிடைப்பதில்லை.

இங்கே எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஆகவே காலையில் மலையேறும் வண்டியை எதிர்கொண்டு நிற்பவருக்கு முதலில் தென்படுவது எஞ்சின் அன்று. முதற்பெட்டியின் முகப்பில் கொடியோடு அமர்ந்திருக்கும் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. கொடிகளால் செய்தி சொல்லிக்கொண்டு, வண்டியின் உயிரைத் தம் கையில் வைத்திருப்பவர்கள் அவர்களே. ஹில்குரோவில் வண்டி தண்ணீருக்காக நிற்கும்போது பிரயாணிகள் இறங்கி எஞ்சினைச் சூழ்ந்துகொண்டு படமெடுப்பர். அதே வேளையில் எண்ணெய்க் குவளையுடன் தண்டுகளினூடே கையை நுழைத்து மூட்டு மூட்டாக எண்ணெய் விடுபவரின் முகம் அந்தப் படங்களில் விழுமாயின், அவற்றின் மதிப்பு எவ்வளவோ உயரும்! ஆசையின் மிகுதியால் பாதையின் குறுக்கே நிற்பவர்களும் இருக்கிறார்கள்; அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் புகுவது 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, நிறுத்துவதற்கு நெடுந்தூரம் வேண்டிய யந்திரத்தின் எதிரே நிற்பது டிரைவருக்குச் செய்யும் கொடுமையுமாகும்.

எண்ணைக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விண்டர்தூரிலிருந்து வந்த எக்ஸ் எஞ்சின்கள் 1914-க்கும் 1952-க்கும் இடைப்பட்ட காலத்தவை. அவை தளர்ந்தபோது, திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையில் அதே உருவத்தில் புதியவை செய்யப்பட்டன. 2011-இல் வெளிவந்த முதல் எஞ்சினின் எண் 37396. அது கரியினால் அன்றி எண்ணெயினால் எரிவது. தூரத்துப் பார்வைக்கு அதற்கும் அதன் மூதாதையருக்கும் வேற்றுமை தெரியாது. எண்ணும் தேதியும் இல்லாத படமாயின், தொண்ணூறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு யந்திரங்களைப் பிற்காலத்தவர் ஒன்றாகவே கருதிவிடுவர். லீட்ஸ் நகரத்தில் 1855-இல் பிறந்த சகோதரிகளாகிய இரண்டு பழம்பெரும் எஞ்சின்கள் விஷயமும் இத்தகையதே: ஈஸ்ட் இண்டியன் ரயில்வேயின் 22-ஆம் எண்ணுடையது ‘ஃபேரி குவீன்’ என்ற பெயருடன் டில்லி மியூசியத்தைச் சேர்ந்து, 1997-இல் மீண்டும் ஓட்டப்பட்டது, 21-ஆம் எண்ணுடையது 2010-இல் நம் பெரம்பூர் லோகோ பணிமனையிலே உயிர்ப்பிக்கப்பட்டது. எண் தெரியாத படத்தில் ஒன்றை மற்றொன்றாக மயங்குவது மிகவும் எளிது.

இம்மலரைப் படிப்போரில் ரயில்வேக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பலர் இருக்கக்கூடும். பழைய டிரைவர்களும் ஃபிட்டர்களும் ஓய்வு பெற்ற நாளில் எஞ்சினுக்கு மாலை சூட்டி, அதன் முன்னே வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவர்களுடைய வீட்டுப் பெட்டிகளில் இன்னும் கிடக்கும். எந்த மியூசியத்திலும் இல்லாத செல்வம் அது. எஞ்சினின் எண் படத்திலேயே தெரியும். ஷெட்டின் பெயரையும் ஆண்டையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் இடமிருந்து மூன்றாவதாக, தலையில் துண்டு கட்டி நிற்பவர் யார் என்பதைச் சொல்ல எந்தப் பதிவேடும் உதவாது. அதைச் சொல்லக்கூடிய முதியோர் பொன்மலையிலும் போத்தனூரிலும் ஜோலார்பேட்டையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் படத்தைக் கொண்டு செல்வோர், பெயர்களை அதன் பின்புறத்தில் குறித்துக்கொள்ள மென்மையான பென்சில் ஒன்றையும் எடுத்துச் செல்வது நலம். பேனா மை நாளடைவில் ஊறி மறுபக்கத்து முகங்களைக் கறைப்படுத்திவிடும்.