கலத்துள் கண்ட ஆழ்கடல்

கடலடித் தரையில் வெந்நீர் ஊற்றுகள் பொங்குவதை மாந்தர் நேரிற் கண்டது 1977ஆம் ஆண்டில்தான். கலாபகசுத் தீவுகளுக்கு அப்பால், ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், 'ஆல்வின்' என்னும் நீர்மூழ்கியில் இறங்கிய அறிவியலார் அவற்றைக் கண்டனர். ஆயின், கண் காணுமுன்னரே அறிவு கண்டுவிட்டது என்பதே இவ்வரலாற்றின் சிறப்பாகும்.

1975இல் பிசோஃப், டிக்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பசால்ட்டு என்னும் எரிமலைப் பாறையையும் கடல்நீரையும் ஒரு கலத்துள் அடைத்து, 200 பாகை செல்சியசு வெப்பத்திலும் 500 பார் அழுத்தத்திலும் வைத்து ஆராய்ந்தனர். நீரிலிருந்த மக்னீசியம் பாறையுள் ஒடுங்கியது. பாறையிலிருந்த இரும்பும் மாங்கனீசும் நீரிற் கரைந்தன. 1979இல் பசிபிக் கடலடியில் ஏறத்தாழ 350 பாகை வெப்பத்துடன் சீறியெழும் கரும்புகை ஊற்றுகள் கண்டறியப்பட்டன. அந்நீரை ஆராய்ந்தபோது அதிலும் மக்னீசியம் அருகியே இருந்தது. இரும்பும் மாங்கனீசும் மிகுந்திருந்தன.

தமிழர் கப்பலேறிப் பினாங்கு வந்த இந்தியப் பெருங்கடலுக்கும் இவ்வியல்பு உண்டு. அதன் தென்பகுதியில், 4,500 மீட்டர் ஆழத்தில் இயங்கும் ஊற்றொன்றைச் சென்னைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் இணைந்து படம்பிடித்ததாக 2024இல் அறிவிக்கப்பட்டது. படம் ஊற்றின் உருவைக் காட்டும். அதன் உள்ளியல்பை உணர்த்துவது ஆய்வுக்கூடமே.

ஆதலின், பள்ளி ஆய்வுக்கூடத்துச் சிறு கலத்தை மாணவர் எளிதென எண்ணுதல் தகாது. ஆழ்கடல் தன் மறைபொருளை முதற்கண் உணர்த்தியது அத்தகையதொரு கலத்தினுள்ளேதான்.