ஜெர்ரி ஹாரிசன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மில்வாக்கி நகரில் 1949ஆம் ஆண்டு பிறந்த ஜெர்ரி ஹாரிசன், ராக் கோஷ்டிகளில் கீபோர்டு வாசித்துப் பிரசித்தி அடைந்து, பின்னர் பிறருடைய இசைத்தட்டுகளை உருவாக்கும் தயாரிப்பாளராகவும் கீர்த்தி பெற்றவர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் பயின்ற இவர், ஜோனதன் ரிச்மன் தலைமையில் பாஸ்டனில் இயங்கிய 'மாடர்ன் லவர்ஸ்' கோஷ்டியில் 1971இல் சேர்ந்தார். அது 1974இல் கலைந்தது. அதன் முதல் இசைத்தட்டோ அதற்கும் இரண்டாண்டு கழித்தே வெளிவந்தது.

டேவிட் பர்ன், கிறிஸ் ஃபிரான்ட்ஸ், டினா வேமத் ஆகிய மூவரும் நியூயார்க்கில் நடத்திவந்த 'டாக்கிங் ஹெட்ஸ்' கோஷ்டியில் ஹாரிசன் நான்காமவராகச் சேர்ந்தது 1977இல். பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகரிலும் பிற இடங்களிலும் பதிவாகி, 1980இல் வெளியான இக்கோஷ்டியின் 'ரிமெய்ன் இன் லைட்' இசைத்தட்டு இவருடைய கலைவாழ்வில் விசேஷமானது. தயாரிப்பாளர் பிரையன் ஈனோவின் மேற்பார்வையில், ஆப்பிரிக்கத் தாளக்கட்டுகளைத் தழுவிய சிறு சிறு இசைத்துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒன்றின்மேல் ஒன்றாக நாடாவில் பதிந்து, எந்த அடுக்கை ஒலிக்கவிடுவது, எதை அடக்குவது என்று மிக்ஸிங் மேஜையில் தீர்மானித்தே பாட்டுக்கு உருவம் கொடுத்தார்கள். தாம் வாசித்ததையே தயங்காமல் விலக்கிவிடும் அந்தப் பயிற்சியில்தான் பிற்காலத் தயாரிப்பாளர் உருவானார் என்பது நம் அபிப்பிராயம்.

தனியே வெளியிட்ட தட்டுகள் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. ஆனால், தம் ஊர்க்காரர்களான 'வயலன்ட் ஃபெம்ஸ்' கோஷ்டிக்காக 1986இல் உருவாக்கிய தட்டைத் தொடர்ந்து, கனடாவின் 'கிராஷ் டெஸ்ட் டம்மீஸ்', ப்ளூஸ் கித்தார் வித்வான் கென்னி வெய்ன் ஷெப்பர்டு எனப் பலரும் இவரை நாடினர். பென்சில்வேனியாவின் 'லைவ்' கோஷ்டிக்கு இவர் தயாரித்த 'த்ரோயிங் காப்பர்' 1994 ஏப்ரலில் வெளியாகி, ஓராண்டு மெல்ல ஏறி, 1995 மே மாதத்தில் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தை எட்டியது. இத்தட்டுகளுக்குள் ஹாரிசனின் முத்திரை என்று எடுத்துக்காட்டத்தக்க ஒரே ஒலி கிடையாது; அதைக் குறையென்று சொல்வாரும் இருக்கலாம், எனினும் ஒவ்வொரு கோஷ்டியும் தன் சுபாவத்திலேயே ஒலிக்கும்படி விட்டதே இவருடைய சாமர்த்தியம்.

1991இல் பிரிந்த 'டாக்கிங் ஹெட்ஸ்' நால்வரும் 2002இல் ராக் அண்ட் ரோல் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்றனர். ஜோனதன் டெம்மி இயக்கிய அவர்களுடைய 1984ஆம் ஆண்டுக் கச்சேரித் திரைப்படம் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' 2023இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோது, அதன் ஒலியைப் புதிதாகக் கலந்தமைக்கும் பொறுப்பை ஒலிப்பொறியாளர் ஒருவரோடு சேர்ந்து ஏற்றவர் ஹாரிசனே.